முழு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தல்: தனிச் சேவையகமும் அதன் காவலும்

திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் விருந்தினர் இல்லம் நடத்தும் ஒருவர், மே மாதம் பிறந்து கிழக்குக் கரையின் சீசன் தொடங்கியதும், தனது இணையத்தளம் திறக்க அரை நிமிடம் எடுக்கிறது என்று முறையிட்டார். டெடிகேட்டட் சேர்வர், அதாவது தனிச் சேவையகம், ஒன்றை எடுத்தால் எல்லாம் சரிவரும் என்று கொழும்பில் யாரோ சொன்னார்களாம். அதை எடுத்துத் தர முடியுமா என்பதே அவருடைய கேள்வி. தளத்தைத் திறந்து பார்த்தபோது, முகப்பிலிருந்த பன்னிரண்டு புகைப்படங்களும் கமராவிலிருந்து இறக்கியபடியே, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8 மெகாபைட் அளவில் கிடந்தன. அவற்றைச் சுருக்கிப் போட்டதும் பக்கம் இரண்டு மூன்று விநாடியில் திறந்தது. அவர் கேட்ட இயந்திரம் அவருக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அது என்ன, யாருக்குத் தேவை, எடுத்தால் அதை எப்படிக் காப்பது என்று அவர் அடுத்தடுத்துக் கேட்டவற்றுக்கு ஒரு மாலைப் பொழுதில் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை; அந்தப் பதிலையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

நாம் பேச்சில் சேர்வர் என்றும் பாடநூல்கள் சேவையகம் என்றும் சொல்வது, அடிப்படையில் ஒரு கணினிதான். அதற்குத் திரையும் விசைப்பலகையும் இருப்பதில்லை. தட்டையான பெட்டி வடிவில் இரும்புச் சட்டகமொன்றில் அடுக்கப்பட்டு, இரவும் பகலும் அணையாமல், வேகமான வலையமைப்புடன் இணைந்திருக்கும். உங்கள் தளத்தின் பக்கங்களும் படங்களும் பதிவுகளும் அதன் வட்டில் இருக்க, எங்கோ இருக்கும் ஒருவருடைய உலாவி அவற்றைக் கேட்கும்போதெல்லாம் அது எடுத்து அனுப்புகிறது. இந்தக் கணினியை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வதா, முழுவதையும் தனியாக எடுப்பதா என்பதில்தான் சேவை வகைகள் பிரிகின்றன.

நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகுகளை நினைத்துக்கொள்ளலாம். மற்றவர்களோடு சேர்ந்து ஓர் இருக்கைக்கு மட்டும் காசு கொடுத்துப் போவது பகிர்வுச் சேவை. அதில் ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். இயந்திரத்தைப் பராமரிப்பதும் மென்பொருளைப் புதுப்பிப்பதும் நிறுவனத்தின் வேலை. பக்கத்து இருக்கைக்காரர் அதிகச் சுமையை ஏற்றினால் உங்கள் தளமும் மெதுவாகும். படகு முழுவதையும் உங்களுக்கென்றே எடுப்பது தனிச் சேவையகம். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு: குறைந்த விலையில் கிடைக்கும் தனிச் சேவையகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் படகோட்டி கிடையாது. படகையும் சாவியையும் தந்துவிட்டு அவர்கள் கரையில் நின்றுகொள்வார்கள். எஞ்சின் பழுதானால், அதாவது வட்டோ மின்வழங்கியோ செயலிழந்தால், மாற்றித் தருவார்கள். பாறையில் மோதாமல் ஓட்டுவது உங்கள் பாடு. படகோட்டியுடன் வரும் வகையும் உண்டு. அதைப் பராமரிப்புடன் கூடிய சேவை என்று விற்பார்கள். வாடகை கணிசமாகக் கூடும்.

இவ்விரண்டுக்கும் நடுவே மெய்நிகர் தனிச் சேவையகம் என்றொன்று இருக்கிறது; வி.பி.எஸ். என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஒரே இயந்திரத்தை மென்பொருளால் பல அறைகளாகத் தடுத்து, ஒவ்வோர் அறைக்கும் தனிப் பணிசெயல் முறைமையும் (விண்டோஸ், லினக்ஸ் போன்றது) குறிப்பிட்ட அளவு நினைவகமும் ஒதுக்குவார்கள். படகு உவமை இதற்குப் பொருந்தாது. வீட்டின் ஒரு பக்கத்தைத் தடுத்து அனெக்ஸ் என்று வாடகைக்கு விடுவதைப் போன்றது எனலாம். நமது ஊரில் கடை, விடுதி, ஆலயம், சங்கம், பழைய மாணவர் ஒன்றியம் என்று தளம் நடத்தும் எவருக்கும் இது போதும் என்பது என் அபிப்பிராயம். பலருக்குப் பகிர்வுச் சேவையே மிஞ்சிப் போகும்.

அப்படியானால் முழு இயந்திரம் யாருக்கு வேண்டும்? பல வாடிக்கையாளரின் தளங்களைப் பொறுப்பேற்று நடத்துபவருக்கு வேண்டும். வகுப்புகளின் ஒளிப்பதிவுகளை நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு ஒரே நேரத்தில் காட்ட வேண்டிய கல்வி நிலையத்துக்கு வேண்டும். பழைய பத்திரிகைகளையும் கையெழுத்துப் படிகளையும் வருடிச் சேர்க்கும் ஆவணகத்துக்கு வேண்டும். ஏனெனில் பல டெராபைட் வட்டிடத்தை வி.பி.எஸ்.ஸில் வாங்கும் விலைக்கு ஒரு முழு இயந்திரமே கிடைத்துவிடும். தரவுத்தளம் ஓயாமல் எழுதியும் வாசித்தும் கொண்டிருக்கும் முன்பதிவு முறைமைகளும் தனி இயந்திரத்தில் சீராக ஓடும். நானும் நண்பர் ஒருவரும் ஒரு தனிச் சேவையகத்தைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். ஒளிப்பதிவுகள் இல்லாதிருந்தால் நாங்களும் அதை எடுத்திருக்க மாட்டோம்.

இயந்திரம் எங்கே இருக்கிறது?

வாடகைக்கு எடுக்கும் முன் தீர்மானிக்க வேண்டிய முதல் விடயம் இடம். கண்ணாடியிழையில் ஒளி ஏறக்குறைய விநாடிக்கு 2,00,000 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. திருகோணமலையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,600 கிலோமீற்றர். ஜேர்மனியின் பிராங்பேர்ட் ஏறக்குறைய 8,000. ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்பி வர, சிங்கப்பூருக்குக் குறைந்தது 26 மில்லிவிநாடியும் பிராங்பேர்ட்டுக்குக் குறைந்தது 80 மில்லிவிநாடியும் தேவை. நேர்கோட்டில் கேபிள் எதுவும் போடப்படுவதில்லை என்பதால் உண்மையான நேரம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆழமான இயற்கைத் துறைமுகம் நமது வாசலில் இருந்தாலும், வெளிநாட்டுத் தரவுக் கேபிள்கள் கரையேறுவது நாட்டின் மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலும்தான். ஆகையால் நமது கேள்விகள் முதலில் தரைவழியே நாட்டைக் குறுக்கறுத்து அங்கே போகின்றன. ஒரு பக்கத்தைத் திறக்க இவ்வாறான பயணங்கள் பல தேவைப்படும்போது அந்தச் சிறு தாமதங்கள் கூடிக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிடும்.

இதைப் படித்ததும் சிங்கப்பூரே சிறந்தது என்று முடிவெடுக்க வேண்டாம். தளத்தைப் பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்பதே கேள்வி. நிலாவெளியில் அறை தேடுபவர் பெரும்பாலும் ஐரோப்பாவில் தன் வீட்டில் அமர்ந்து தேடுகிறார். அவருக்காக நடத்தப்படும் தளம் ஐரோப்பாவில் இருப்பதே பொருத்தம். கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து பாடம் பார்க்கும் மாணவருக்கான தளமென்றால் சிங்கப்பூரோ இந்திய நகரமொன்றோ நல்லது. ஐரோப்பாவில் வாடகை குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே முந்திய தலைமுறை இயந்திரங்கள் மலிவாகவும் கிடைக்கின்றன. அதே திறனுக்கு ஆசியாவில் பெரும்பாலும் கூடுதலாகக் கொடுக்க நேரிடும்.

வாடகை வெளிநாட்டு நாணயத்தில் என்பதை நமது நாட்டவர் எவரும் மறக்க மாட்டார்கள். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. மாதம் 50 டொலர் வாடகை என்றால் 10,000 ரூபாச் செலவு இரண்டே மாதத்தில் 18,000 ஆனது, இயந்திரத்தில் ஒரு மாற்றமும் இல்லாமலே. அந்த நாட்களில் எனது அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு ஒருமுறை மறுக்கப்பட்டு, அறிவித்தல் மின்னஞ்சல் குப்பைக் கோப்புறையில் விழுந்து, சேவையகம் இடைநிறுத்தப்படுவதற்கு ஒரு நாள் முன்னரே அதைக் கண்டேன். அன்றிலிருந்து இரண்டு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கிக்கொண்டேன்: கணக்கில் இரண்டாவது கொடுப்பனவு வழி ஒன்று, கொடுப்பனவு நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகத் தொலைபேசியில் நினைவூட்டல் ஒன்று. இடைநிறுத்தப்பட்ட இயந்திரத்தின் வட்டைச் சில நிறுவனங்கள் குறுகிய காலத்திலேயே அழித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடும் என்பதால், வாடகை தவறுவதையும் பாதுகாப்புக் குறைபாடாகவே கொள்ள வேண்டும்.

விலைப்பட்டியலில் செயலியின் (புரொசெசர்) வேகத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். கேட்டறிய வேண்டியவை பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும். வட்டுகள் இரண்டு உண்டா, ஒன்றின் பிரதியாக மற்றது இயங்குமாறு அமைக்கலாமா, மாதத்துக்கு எவ்வளவு தரவு அனுப்பலாம், மீறினால் கட்டணமா வேகக் குறைப்பா, தொடக்கக் கட்டணம் உண்டா, நிறுத்த எத்தனை நாள் முன்னறிவித்தல் தேவை என்பவை அவற்றுள் சில. இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது, வலையமைப்பு வழியே நுழைய முடியாமல் போனாலும் இயந்திரத்தின் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் வசதியும் வட்டிலுள்ள முறைமையை விட்டு வேறொரு தற்காலிக முறைமையால் அதை மீட்பு நிலையில் இயக்கும் வசதியும் கிடைக்குமா என்பது. அதன் அருமை எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன். சேவையகத்தை உலாவி வழியே எளிதாக நிர்வகிக்க உதவும் கட்டுப்பாட்டுப் பலகை மென்பொருள் வேண்டுமென்றால், அவற்றுள் பலவற்றுக்குத் தனி உரிமக் கட்டணம் உண்டு. புகழ்பெற்ற சிபனல் 2019 இல் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அறவிடும் முறைக்கு மாறியதால், பல தளம் நடத்துவோரின் செலவு கூடிற்று.

சாவி கைக்கு வந்த முதல் மணித்தியாலம்

பணம் செலுத்திய பின்னர் ஒரு மின்னஞ்சல் வரும். அதில் இணையத்தில் இயந்திரத்தைக் குறிக்கும் எண்ணான ஐ.பி. முகவரியும் ரூட் என்னும் முழு அதிகாரப் பயனரின் கடவுச்சொல்லும் இருக்கும். பகிர்வுச் சேவையிலிருந்து வருபவர் இந்த இடத்தில் தளத்தை ஏற்றத் தொடங்கிவிடுவார். அதற்கு முன்பு செய்ய வேண்டியவை இருக்கின்றன, ஏனெனில் அந்த இயந்திரம் இணையத்தில் தனியே நிற்கிறது. உலகம் முழுவதும் முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள், உங்கள் இயந்திரம் உயிர்பெற்ற சில நிமிடங்களிலேயே அதன் கதவையும் தட்டத் தொடங்கியிருக்கும். நுழைவுப் பதிவேட்டைத் திறந்தால், ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயர்களை மாற்றி மாற்றி முயன்ற வரிகள் நூற்றுக்கணக்கில் தெரியும். உங்களை யாரோ குறிவைத்துவிட்டதாகப் பயப்பட வேண்டியதில்லை. அவர்களுக்கு உங்களைத் தெரியாது. பூட்டப்படாத எந்தக் கதவும் அவர்களுக்குப் போதும்.

லினக்ஸ் இயந்திரத்துக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழி எஸ்.எஸ்.எச். எனப்படும். பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டுத் திருடப்பட்டதைத் தொடர்ந்து, 1995 இல் அங்கிருந்த தாத்து யுலோனென் அதை எழுதினார். அது வருவதற்கு முன்பு, தொலைவிலிருந்து தட்டச்சு செய்யும் கடவுச்சொல் கம்பியில் அப்படியே வெளிப்படையாகப் போய்க்கொண்டிருந்தது. எஸ்.எஸ்.எச். உரையாடல் முழுவதையும் மறைகுறியாக்குகிறது. ஆனாலும் கடவுச்சொல்லைக் கொண்டு நுழையும்வரை, ஊகித்து நுழையும் முயற்சிக்கு இடம் இருந்துகொண்டே இருக்கும்; ஆகையால் கடவுச்சொல்லை விட்டுச் சாவிச் சோடிக்கு மாற வேண்டும்.

சாவிச் சோடி என்பதைப் புதியவர்கள் விளங்கிக்கொள்ளச் சற்றுச் சிரமப்படுவதைக் கண்டிருக்கிறேன். உங்கள் மடிக்கணினியில் ஒரு கட்டளை இட்டால் இரண்டு சிறிய கோப்புகள் உருவாகும். ஒன்று பொதுச் சாவி. அதைப் பூட்டு என்று நினைத்துக்கொண்டால் எளிது. எத்தனை சேவையகங்களிலும் அந்தப் பூட்டை மாட்டலாம், யார் பார்த்தாலும் கேடில்லை. மற்றது தனிச் சாவி. அது உங்கள் கணினியை விட்டு வெளியேறவே கூடாது. நீங்கள் நுழைய முயலும்போது, அந்தத் தடவைக்கு மட்டும் பொருந்தும் ஒரு செய்தியில் உங்கள் கணினி தனிச் சாவியால் ஒப்பமிடுகிறது. அந்த ஒப்பம் மெய்யானதா என்பதைச் சேவையகம் தன்னிடமுள்ள பொதுச் சாவியைக் கொண்டு சரிபார்க்கிறது. இரகசியம் எதுவும் வழியில் பயணம் செய்வதில்லை. ஊகித்துப் பார்ப்பதற்கும் எதுவும் இல்லை. தனிச் சாவிக் கோப்புக்கே ஒரு கடவுத்தொடரையும் இட்டுவிட்டால், மடிக்கணினி களவுபோனாலும் திருடனுக்கு உடனே பயன்படாது. இந்த ஊரின் உப்புக் காற்று மடிக்கணினிகளை எப்படிப் பதம்பார்க்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. எனவே வேறொரு வீட்டில், வேறொரு கருவியில், இரண்டாவது சாவிச் சோடி ஒன்றையும் ஆயத்தமாக வைத்து, அதன் பூட்டையும் சேவையகத்தில் முன்கூட்டியே மாட்டிவைக்க வேண்டும்.

செய்யும் ஒழுங்கு முக்கியம். முதலில் பணிசெயல் முறைமையின் இற்றைப்படுத்தல்கள் அனைத்தையும் நிறுவ வேண்டும். பின்னர் சாதாரணப் பயனர் ஒருவரை உருவாக்கி, தேவைப்படும்போது மட்டும் முழு அதிகாரம் பெறும் அனுமதியை அவருக்குக் கொடுத்து, அவருடைய கணக்கில் பொதுச் சாவியை இட வேண்டும். அதற்குப் பிறகு, இருக்கும் இணைப்பை மூடாமலே இரண்டாவது சாளரமொன்றைத் திறந்து, புதிய பயனராகச் சாவியைக் கொண்டு நுழைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் மட்டுமே ரூட்டின் நேரடி நுழைவையும் கடவுச்சொல் நுழைவையும் நிறுத்தலாம். அவசரப்பட்டு இந்த ஒழுங்கை மாற்றுபவர் தன் வீட்டுக்கு வெளியே தானே நின்று கதவைத் தட்டுவார்.

நான் தட்டியிருக்கிறேன். அது தீச்சுவரில், அதாவது பயர்வோலில், நடந்தது.

வலையமைப்பில் ஒவ்வொரு சேவையும் ஓர் எண்ணில் காத்திருக்கும். அந்த எண்ணை ஆங்கிலத்தில் போர்ட் என்கிறார்கள். நமது கணினிப் பாடநூல்கள் துறை என்கின்றன. துறைமுக நகரத்தில் இருந்துகொண்டு இச்சொல்லை விளக்குவது எளிது: முகவரி ஒன்றுதான், ஆனால் சரக்குக் கப்பலுக்கு ஒரு துறை, மீன்பிடிப் படகுக்கு வேறொரு துறை. எஸ்.எஸ்.எச். 22 ஆம் துறையிலும், சாதாரண வலைப்பக்கங்கள் 80 இலும், மறைகுறியாக்கிய வலைப்பக்கங்கள் 443 இலும், மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 3306 இலும் காத்திருப்பது வழக்கம். இப்படி 65,535 துறைகள் உள்ளன. இணையத்தள இயந்திரமொன்றில் வெளியாருக்குத் திறந்திருக்க வேண்டியவை முதல் மூன்றுதான். தரவுத்தளத்தோடு பேச வேண்டிய மென்பொருள் அதே இயந்திரத்துக்குள் இருப்பதால், 3306 ஐ வெளியே திறந்துவைக்க எந்தக் காரணமும் இல்லை; ஆயினும் திறந்து கிடக்கும் தரவுத்தளங்கள் உலகில் ஏராளம். தேவையான துறைகளை அனுமதித்து மீதி எல்லாவற்றையும் மறுப்பதே தீச்சுவரின் வேலை.

அன்றிரவு உவர்மலையில் வீட்டில் இருந்தபடி, மீதியை மறுக்கும் விதியை முதலில் இயக்கிவிட்டு, 22 ஐ அனுமதிக்கும் விதியை அடுத்து எழுதலாம் என்று எண்ணினேன். அடுத்து எழுத இணைப்பு இருக்கவில்லை. பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இயந்திரம் எனது சொற்படியே என்னை மறுத்துக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் தொலைத்திரை வசதி வழியே நுழைந்து விதியை மாற்ற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. அந்த வசதி இல்லாதிருந்தால், ஆதரவுப் பிரிவுக்கு எழுதிவிட்டு விடியும்வரை காத்திருந்திருப்பேன்.

இரண்டு சிறு குறிப்புகள். பலமுறை தவறாக முயலும் முகவரிகளைச் சிறிது காலத்துக்குத் தடைசெய்யும் பெயில்டுபேன் போன்ற கருவியை நிறுவினால் பதிவேடு ஓரளவு அமைதியாகும். எஸ்.எஸ்.எச். துறையை 22 இலிருந்து வேறெண்ணுக்கு மாற்றச் சிலர் அறிவுறுத்துவர். அதுவும் சத்தத்தைக் குறைக்குமே தவிர, சாவிச் சோடி தரும் காவலைத் தராது. கடவுச்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு துறையை மாற்றிவிட்டு நிம்மதியாக உறங்குபவர்களைக் கண்டிருக்கிறேன்.

காவல் மாறும் நேரம்

நமது பிரட்ரிக் கோட்டை 1782 ஆம் ஆண்டில் இருமுறை கைமாறியது: ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் பிடித்தனர், ஆகஸ்டில் பிரித்தானியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். மதில் அதே மதில்தான். சேவையகத்திலும் தொடக்க நாளில் எழுப்பிய மதிலை மட்டும் நம்ப முடியாது, ஏனெனில் அதில் ஓடும் மென்பொருளில் புதிய ஓட்டைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்படுகின்றன. 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் என்னும் குறைபாடு, உலகின் பாதுகாப்பான தளங்களில் பெரும் பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்தது. சேவையகத்தின் நினைவகத்திலிருந்த இரகசியங்களை வெளியிலிருந்து வாசிக்க அது வழிவிட்டது. திருத்தம் உடனே வந்துவிட்டது. நிறுவாதவர்களே நெடுநாள் ஆபத்தில் இருந்தனர்.

ஆகையால் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் தாமாகவே நிறுவப்படும்படி அமைத்துவிடுவது தொடக்கநிலையாளருக்கு மிகவும் நல்லது. தானாக நிறுவினால் ஏதாவது பழுதாகிவிடும் என்று அனுபவசாலிகள் சிலர் எதிர்ப்பர். எப்போதோ ஒருமுறை அது நடக்கவும் செய்யும். வாரக்கணக்கில் மறந்துபோகும் மனிதக் கையைவிட அந்த அபாயம் சிறியது என்பதே என் கணிப்பு. பணிசெயல் முறைமையைத் தெரிவு செய்யும்போதே அதன் ஆதரவுக் காலத்தையும் பார்க்க வேண்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் இலவச இற்றைப்படுத்தல் உண்டு. இன்னொரு வகையான சென்ட்ஓஎஸ் 7 இன் ஆதரவு 2024 ஜூன் 30 இல் முடிந்தது. விலை மலிவாக யாராவது இன்னும் அதை நிறுவித் தந்தால் ஏற்க வேண்டாம்.

பணிசெயல் முறைமையைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவிட்டு, அதன்மேல் ஓடும், தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் செருகுநிரல்களை (பிளகின்) மூன்று ஆண்டுகள் தொடாமல் விடுவது பரவலான தவறு. சிறு தளங்களுக்குள் நுழைபவர்கள் பெரும்பாலும் இந்த வழியாகவே வருகிறார்கள். பயன்படுத்தாத செருகுநிரலை முடக்கிவைப்பது போதாது, நீக்கிவிட வேண்டும். ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிப் பயனரின் கீழ் ஓடவிட்டால், ஒன்றில் நுழைந்தவர் மற்றவற்றுக்குத் தாவுவது கடினமாகும்.

443 ஆம் துறைக்கான சான்றிதழை, அதாவது தளம் உண்மையில் அந்தப் பெயருக்குரியதே என்று உலாவிக்கு உறுதிப்படுத்துவதை, முன்பு காசு கொடுத்து வாங்கினோம். 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் சான்றிதழ் வழங்கும் சேவை பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து அது இலவசம். குறுகிய காலத்துக்கே செல்லுபடியாகும் என்பதால், புதுப்பித்தலைத் தானியங்கியாக அமைத்து, அது உண்மையில் நடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

பிரதி எங்கே இருக்கிறது?

2021 மார்ச் 10 ஆம் திகதி அதிகாலையில், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் சேவையகங்களை வாடகைக்கு விடும் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையமொன்று எரிந்து அழிந்தது. ஏறக்குறைய 36 இலட்சம் இணையத்தளங்கள் இணைப்பை இழந்ததாக, இணையத்தை ஆய்வு செய்யும் நெட்கிராப்ட் நிறுவனம் கணித்தது. காப்புப்பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் மூலத்தையும் பிரதியையும் ஒன்றாக இழந்தனர். நமது நாட்டிலும் 2023 இல் இதைவிட நெருக்கமான பாடமொன்று கிடைத்தது. அரச மின்னஞ்சல் முறைமையை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயக் கோரிக்கை மென்பொருள் தாக்கியதில், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவு, அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 முகவரிகளில் இழக்கப்பட்டது; அக்காலத்துக்கான காப்புப்பிரதி இருக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்த மென்பொருளும் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிந்திருந்தது.

இரட்டை வட்டைக் காப்புப்பிரதி என்று எண்ணுவது தொடக்கநிலையாளரின் மிகப் பெரிய மயக்கம். ஒன்றின் பிரதியாக மற்றது இயங்கும் ரெய்ட் அமைப்பு, வட்டு ஒன்று செத்தால் தளம் நிற்காமல் ஓட உதவும், அவ்வளவுதான். நீங்கள் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அது இரண்டு வட்டிலும் ஒரே கணத்தில் அழியும். திருடன் மறைகுறியாக்கிப் பணயம் கேட்டால் இரண்டும் சேர்ந்தே பூட்டப்படும். உண்மையான பிரதி வேறோர் இயந்திரத்தில், முடிந்தால் வேறொரு நிறுவனத்திடம், வேறொரு நாட்டில் இருக்க வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. எங்கள் ஏற்பாட்டில் ஓடும் தளம் ஐரோப்பாவிலும், ஒவ்வோர் இரவும் எடுக்கும் பிரதி ஆசியாவில் இன்னொரு நிறுவனத்திடமும், மாதம் ஒருமுறை இறக்கும் பிரதி நண்பரின் வீட்டு அலுமாரியில் ஒரு வெளிவட்டிலும் இருக்கின்றன.

பிரதி எடுக்கும் முறையில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சேவையகமே பிரதி இருக்கும் இடத்துக்குள் நுழைந்து எழுதவும் அழிக்கவும் முடியுமென்றால், சேவையகத்தைக் கைப்பற்றியவரும் பிரதிகளை அழிக்க முடியும். ஆகவே பிரதி இருக்கும் இயந்திரம் தானாக வந்து இழுத்துக்கொள்ளும்படியோ, எழுத மட்டும் அனுமதியுள்ள சாவியைக் கொடுத்தோ அமைக்க வேண்டும். தரவுத்தளத்தை ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் கோப்பு கோப்பாகப் பிரதி செய்தால் அரைகுறையாகவே கிடைக்கும். அதற்குரிய ஏற்றுமதிக் கட்டளையால் எடுக்க வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும், ஒரு சிறிய வி.பி.எஸ்.ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, பிரதியிலிருந்து தளம் முழுவதையும் எழுப்பிப் பார்க்க வேண்டும். முதல்முறை இதைச் செய்தபோது, எங்கள் இரவுப் பிரதிகள் நான்கு மாதமாகத் தரவுத்தளம் இல்லாமலே எடுக்கப்பட்டு வந்ததைக் கண்டோம். கடவுச்சொல் ஒன்றை மாற்றியபோது பிரதி நிரலில் மாற்ற மறந்திருந்தோம். நிரல் ஒவ்வோர் இரவும் தோற்று, யாருக்கும் சொல்லாமல் முடிந்திருந்தது.

சொல்லாமல் தோற்பவற்றைச் சொல்ல வைப்பதற்குக் கண்காணிப்பு தேவை. தளம் பதில் தருகிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து பார்க்கும் சேவை ஒன்றும், வட்டு நிரம்புவதையும் பிரதி தவறுவதையும் தொலைபேசிக்கு அறிவிக்கும் ஏற்பாடு ஒன்றும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். 2022 இல் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட நாட்களில் வெளிநாட்டிலிருந்த இயந்திரம் ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தது. அதை எட்டும் வழிதான் எங்களிடம் இருக்கவில்லை. ஆகையால் சாவியும் அதிகாரமும் உள்ள இரண்டாவது ஆள் வேறொரு நகரத்தில் இருப்பது நல்லது.

விடுதி நடத்துவோர் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. முன்பதிவின்போது விருந்தினரிடம் பெறும் கடவுச்சீட்டுப் படங்களை, தளத்தின் படங்கள் இருக்கும் அதே கோப்புறையில் சிலர் போட்டுவிடுகிறார்கள்; முகவரியை ஊகித்தால் எவரும் அவற்றைத் திறக்கலாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறரின் தரவைச் சேகரிப்பவர் அதைப் பாதுகாக்கவும் வேண்டும் என்று கூறுகிறது. தேவைப்படாதவற்றைச் சேகரிக்காமல் இருப்பதும், தேவை முடிந்ததும் அழிப்பதும் எந்தத் தீச்சுவரையும்விட மலிவான காவல்.

அழிப்பது பற்றிய பேச்சு இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கும் பொருந்தும். வாடகையை நிறுத்தியதும் அந்த வட்டுகள் உங்களுக்குப் பின்னால் இன்னொருவருக்குப் போகும். நிறுவனங்கள் துடைத்துக் கொடுப்பதாகவே சொல்கின்றன. ஆனாலும் நீங்களே செய்துவிடுவது நல்லது. சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வகை வட்டில் மேலெழுதி அழிப்பது எல்லா இடத்தையும் எட்டாது என்பதால், அந்த வட்டுக்குரிய அழிப்புக் கட்டளையை மீட்பு நிலையிலிருந்து இட வேண்டும். இதைவிடச் சிறந்த வழி, நிறுவும் முதல் நாளிலேயே வட்டு முழுவதையும் மறைகுறியாக்கி வைப்பது; அப்படிச் செய்திருந்தால் அந்தச் சாவியை அழிப்பதோடு வேலை முடிந்துவிடும், மீள இயக்கும் ஒவ்வொரு முறையும் கடவுத்தொடரைத் தொலைவிலிருந்து கொடுக்க வேண்டிய சிரமத்தை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். புதிய இயந்திரத்துக்குத் தளத்தை மாற்றிய பின்னர், ஆள்களப் பெயர் (டொமைன்) பழைய ஐ.பி. முகவரியை இன்னும் காட்டுகிறதா என்று துணை முகவரிகள் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். அந்த எண் நாளை வேறொருவரின் கைக்குப் போகும். உங்கள் பெயரில் அவர் எதை வேண்டுமானாலும் பரிமாறலாம். இவை முடிந்த பிறகு நிறுத்தற் கோரிக்கையை அனுப்பி, உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைச் சேமித்து, அட்டை விபரத்தைக் கணக்கிலிருந்து நீக்கலாம்.